அம்மனுக்குப் போட்ட ஏற்றம்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் ஒருவர் புது நாலு வழிச் சாலையின் படம் போட்டிருந்தார். டிரோனை மேலே பறக்கவிட்டு எடுத்த படம். முத்தாண்டிக்குப்பம் பக்கமிருந்து நெய்வேலி வரைக்கும் ரோடு கறுப்பாக நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் மனைப்பிரிவுக் கொடிகள், கல்யாண மண்டபம், கார் கழுவுகிற கடை, பிரியாணிக் கடை. ‘நம்ம ஊரா இது!’ என்று எழுதியிருந்தார். அதற்குக் கட்டைவிரலும் கைத்தட்டலுமாக முப்பது நாற்பது வந்து விழுந்தன. நான் எதுவும் போடவில்லை. ஏன் வாயே திறக்கவில்லை என்று உங்களில் ஒருத்தி தனியாகக் கேட்டிருந்தாள். நமக்கெல்லாம் அறுபது தாண்டியாயிற்று. இனி யாருக்காகவும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. அதனால் சொல்கிறேன்.

உங்களில் பாதிப்பேர் டவுன்ஷிப் பிளாக்குகளில் பஸ் ஏறியவர்கள். நாங்கள் ஆறேழு பேர் மாற்றுக் குடியிருப்புக் காலனியிலிருந்து வந்தவர்கள். உங்கள் நிறுத்தத்துக்கு பஸ் வரும்போது நாங்கள் கடைசி சீட்டில் உட்கார்ந்திருப்போம். எங்கள் பாவாடை விளிம்பிலும் முழங்காலிலும் செம்மண் அப்பியிருக்கும். காட்டில் உருண்டுவிட்டு வருகிறீர்களா என்று ஒருத்தி கேட்பாள், மற்றவர்கள் சிரிப்பீர்கள். அவள் இப்போதும் குழுவில் இருக்கிறாள், தினம் காலையில் தவறாமல் பூப்படம் அனுப்புகிறாள். அந்தச் செம்மண் எங்கிருந்து வந்தது என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் ஊர் சுரங்கத்துக்குப் போய்விட்டது. போய்விட்டது என்றால், ஊர் இருந்த இடமே இல்லை, பள்ளம்தான் இருக்கிறது. கதவு, நிலை, அம்மி, கோழிக்கூண்டு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிக்கொண்டு இந்தக் காலனிக்கு வந்து இறங்கினோம். அம்மன் கடைசியாகத் தனி லாரியில் வந்தது. அம்மனுக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டார்கள். தெருக்களெல்லாம் கோடு கிழித்த மாதிரி நேராக, ஒன்று இரண்டு என்று நம்பர் போட்டு இருந்தன. பக்கத்து வீட்டில் யாரோ, எதிர் வீட்டில் யாரோ. பழைய ஊரின் ஒழுங்கில் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு அம்மன் பெண்ணையாற்றுக்குப் போய் வரும். ஊர் எல்லை வரைக்கும் தோளில், அப்புறம் மாட்டு வண்டியில்.

முதல் வருஷம் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிக்கூட பஸ் மண் ரோட்டில் ஆடி ஆடிக் காலனிக்குள்ளேயே வந்து, தண்ணீர்த் தொட்டி பக்கம் திரும்பி நிற்கும். அக்கா அப்போது ஒன்பதாம் வகுப்பு, நான் நாலாம் வகுப்பு. அக்கா நீலத் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் பையோடு ஏறுவாள். அந்தப் பைக்குள் ஒரு ஜாமெட்ரி பெட்டி இருந்தது. மஞ்சள் தகரப் பெட்டி. காம்பஸின் ஒரு கால் வளைந்திருக்கும். வளைந்த காலை வைத்துக்கொண்டே எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளைப்போல வட்டம் போட ஆள் கிடையாது. கணக்கு டீச்சர் அவள் நோட்டை வாங்கி வேறு வகுப்புக்குக் காட்டப் போவார். மேலே படித்து டவுன்ஷிப்பிலேயே பிளான் வரைகிற டிராப்டிங் வேலைக்குப் போகலாம் என்று டீச்சர் ஒருநாள் சொல்லியிருந்தார். அதிலிருந்து அக்கா வீட்டுச் சுவர், கோழிக்கூண்டு, தண்ணீர்த் தொட்டி என்று எதைப் பார்த்தாலும் அளந்து படம் போட ஆரம்பித்தாள்.

இரண்டாம் வருஷம் ஆடி மாசத்தில் வெள்ளைக் கொடி நட்டார்கள். பழைய மெயின் ரோடும் சுரங்கத்துக்குள் போகப்போகிறதாம். புது ரோடு எங்கள் காலனியை ஒட்டி வருமாம். எங்கள் பக்கம் மழைத் தண்ணீர் தேங்குகிற தாழ்ந்த பூமி. அதனால் இரண்டு ஆள் உயரத்துக்கு மண்ணடித்து அதன்மேல் ரோடு போட வேண்டும் என்றார்கள். ஒரு மாசத்தில் எங்களுக்கும் முந்திரித் தோப்புக்கும் நடுவில் செம்மண் மேடு எழும்பி நின்றது. மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் பஸ் வருகிற மண் ரோடு மாட்டிக்கொண்டது.

ரோடு வேலை பார்க்க வந்த இன்ஜினியர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள், சின்ன வயசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகை முன்னால் ஊர்க்கூட்டம் போடச் சொல்லி அவரே வந்தார். மேட்டைக் கடக்க ஒரு வழிதான் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், அது எங்கே வேண்டும், எப்படி வேண்டும் என்று ஊரே சொல்லட்டும் என்றார். அவர் யோசனையையும் சொன்னார். தண்ணீர்த் தொட்டிக்கு நேரே, மேட்டுக்கு அடியில் வண்டி போகிற அளவுக்குக் கான்கிரீட்டில் ஒரு கீழ்வழி. அந்தப் பக்கம் பஸ் வந்து நிற்கும். பிள்ளைகள் நனையாமல் கொள்ளாமல் நடந்து போய் ஏறிக்கொள்ளலாம்.

 அப்புறம் எங்கள் அப்பா எழுந்தார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஊரில் நிலத்தைக் கொடுக்க முதல் கையெழுத்துப் போட்டவர் அவர். பர்மனென்ட் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போட்டார். கிடைத்தது காண்ட்ராக்ட் வேலை. எல்லாரும்தான் பின்னாலேயே போட்டார்கள், ஆனால் ஊரைக் கொடுத்தவன் என்ற பெயர் அவர் ஒருவருக்குத்தான். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர் அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டார்.

“கீழ வழி வுட்டா அம்மன் எப்பிடிங்க ஆத்துக்குப் போவும்? மேல லாரி போவும், மாடு போவும், கண்டவன் செருப்புக் காலோட நடப்பான். அத்தினி பேர் காலுக்கும் கீழ அம்மன் தலையக் குனிஞ்சிக்கினு போவணுமா?”

கூட்டம் சட்டென்று அவர் பக்கம் சாய்ந்தது. பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நாட்டாமை எழுந்து, கீழ்வழி வேண்டாம், கொட்டகைக்கு நேரே மேட்டின்மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிற மாதிரி ஏற்றம் போட்டுக் கொடுங்கள் என்றார். கொட்டகை காலனியின் கிழக்குக் கோடியில் இருந்தது, தொட்டியிலிருந்து அரை மைல். இன்ஜினியர் பொறுமையாகத்தான் சொன்னார்.

“ஏத்தம் போட்டா கீழ்வழி கிடையாதுங்க. ஏத்தத்துல பஸ் எறங்காது. ரோடு வளையுற இடம், மேலயும் அங்க நிறுத்த மாட்டாங்க. தொட்டிக்கு நேரா மேட்டு மேலதான் நிக்கும். பிள்ளைங்க எப்படி ஏறும்?”

“புள்ளைங்கதானே, ஏறிக்கும்” என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடு ஏறுவது எனக்கு விளையாட்டாகப் பட்டது. அன்றைக்கு டீக்கடைக்காரர் அப்பாவுக்கு பெஞ்சைத் துடைத்துப் போட்டார். ஊருக்குள் அவர் தலை நிமிர்ந்து நடந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்கப் போவதில்லை.

அக்கா மட்டும் வீட்டில் கேட்டாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் குழம்பு ஊற்றியபடியே, சத்தம் உயர்த்தாமல் கேட்டாள்.

“சாமி வருசத்துக்கு ஒரு நாளுதானப்பா போவுது. நாங்க தெனம் போறோமே.”

அப்பா சோற்றைப் பிசைந்த கையோடு அவளைப் பார்த்தார். படிக்கிற திமிரா என்றுதான் முதலில் கேட்டார். பிறகு குரல் இறங்கி, “ஊருதான் போச்சு. அதையும் நான்தான் கொடுத்தேன்னு பேசறானுங்க. அம்மனையும் வுட்டுக்குடுத்தா நான் இங்க ஆளா நடமாட முடியுமா, சொல்லு” என்றார். அக்கா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இன்றைக்கு யோசித்தால் அப்பாமேல் எனக்குப் பரிதாபமும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. ஆத்திரம்தான் அதிகம்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அப்போது ஆரம்பித்தது எங்கள் பாடு. மேட்டில் கால் வைத்தால் வழுக்கும். கையை ஊன்றி, நாலு காலில் ஊர்ந்துதான் ஏற வேண்டும். மழைத் தண்ணீர் அரித்த பள்ளங்களில் விரலைக் கொடுத்துப் பிடித்துக்கொள்வோம். ஈரச் செம்மண்ணின் வாசனையும், மேலே தார் காய்ச்சுகிற வாசனையும் சேர்ந்து தொண்டையைக் கரிக்கும். பையன்கள் ஓடிப்போய் ஏறிவிடுவார்கள். நான் அக்காவின் தோளில் கால் வைத்து ஏறுவேன். அக்கா தாவணியை முழங்காலுக்கு இழுத்துச் செருகிக்கொண்டு ஏற வேண்டும். மேலே ஜல்லி கொட்டுகிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பார்கள். ஒருவன் சீட்டியடிப்பான். அக்கா தலையைத் தூக்காமல் மண்ணையே பார்த்து ஏறுவாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கைக்குட்டையால் என் முழங்காலைத்தான் முதலில் துடைப்பாள்.

கார்த்திகையில் ஒருநாள் பாதி மேட்டில் அவள் கால் சறுக்கிவிட்டது. நானும் அவளும் உருண்டோம். எனக்கு ஒன்றுமில்லை. அக்காவின் தாவணி கலைந்து, சட்டையெல்லாம் மண். மேலேயிருந்து ஒரு ஆள் இறங்கி வந்து அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். நல்ல மனசோடுதான் தூக்கினான். ஆனால் அன்று சாயங்காலமே அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் அந்தப் பேச்சு போய்விட்டது. தார் காய்ச்சுகிறவன் பிடித்துத் தூக்கினானாம், பெண் சிரித்தாளாம். யார் பார்த்தார்கள் என்று கேட்டால் ஒருவரும் பார்க்கவில்லை.

மறுநாள் அம்மா அக்காவைத் தடுத்துவிட்டாள். வயசுக்கு வந்த பெண் நாலு பேர் பார்க்க மேடு ஏறக்கூடாது, அவ்வளவுதான் தீர்ப்பு. படிக்க வேண்டாம் என்று அம்மா சொல்லவில்லை. சரியான வழியிருந்தால் போ என்றாள். அக்கா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். கிழக்குக் கோடியில் ஏற்றம் பாதி முடிந்திருந்தது. ஆறு மணிக்கே கிளம்பி அதில் ஏறி, ரோட்டின் மேலேயே அரை மைல் திரும்பி நடந்து வந்து பஸ் நிற்கிற இடத்தில் நின்றாள். நான் கீழேயிருந்து மேடு ஏறிப் போகும்போது அவள் பனியில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பாள். கரி லாரிகள் அவளை உரசுகிற மாதிரி போகும். அவளோடு துணைக்கு நடக்க ஆளில்லை. அப்பாவுக்கு அந்த மாசம் முழுக்க முதல் ஷிப்ட், விடியுமுன்னே சைக்கிளில் போய்விடுவார். நாட்டாமை ஒருமுறை டிரைவரிடம் பேசி, ஏற்றத்துக்கு எதிரில் நிறுத்தக் கேட்டார். வளைவில் நிறுத்தினால் பின்னால் வருகிற லாரி வந்து ஏறும், எல்லாப் பிள்ளையும் போய்விடும் என்றார் டிரைவர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

பதினொரு நாள் அப்படிப் போனாள். பன்னிரண்டாம் நாள் மூடுபனியில் லாரி ஒன்று அடிக்க வந்து, அவள் ஒதுங்கி மறுபக்கச் சரிவில் விழுந்து, முழங்கை கிழிந்து வீட்டுக்குத் திரும்பினாள். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து முழங்கைக் கட்டைப் பார்த்தார். பத்தாவது பரீட்சைக்கு மட்டும் போய் எழுதட்டும், அதுவரைக்கும் வீட்டிலேயே படிக்கட்டும் என்றார். அதைக் கருணையாகத்தான் சொன்னார். அக்கா ஜாமெட்ரி பெட்டியை மாடத்தில் வைத்தாள்.

தை வந்தது. ஏற்றம் முடிந்து, இரண்டு பக்கமும் வாழை கட்டி, மாவிலை கட்டினார்கள். ஐந்தாம் நாளுக்கு முந்தின சாயங்காலம் அம்மனைச் சப்பரத்தில் வைத்துத் தூக்கினார்கள். முன் கட்டையில் அப்பா. ரோட்டில் லாரிகளை இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டார்கள். சப்பரம் ஏற்றத்தில் ஏறி மேட்டின் உச்சியில் நின்றபோது வெயில் சாய்ந்து அம்மன் முகத்தில் விழுந்தது. ஊரே அழுதது. அப்பா தோளில் கட்டையோடு தேம்பித் தேம்பி அழுதார். பழைய ஊரை விட்டு வந்தபோதுகூட அவர் அப்படி அழவில்லை. நான் மறுநாள் ஆற்றங்கரையில் சிறுவள்ளிக் கிழங்கு வாங்கித் தின்றேன், பொம்மைக் கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அக்கா வரவில்லை. அன்றைக்கு ஆற்றில் வைத்துத்தான் அம்மா ஒரு சொந்தக்காரரிடம் பேச்சு முடித்தாள். திருவதிகைப் பக்கம், முந்திரி வியாபாரத்தில் கூலிக்கு நிற்கிற மாப்பிள்ளை. வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிற பெண்ணை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது அம்மாவின் கணக்கு. வீட்டில் உட்காரவைத்தது யார் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பங்குனியில் பரீட்சை. ஹால் டிக்கெட்டை டிரைவர் கையில் கொடுத்தனுப்பியிருந்தார் கணக்கு டீச்சர். டிரைவர் மேட்டின்மேல் பஸ்ஸை நிறுத்தி, வீட்டுக்குக் கேட்க ஹாரன் அடித்துவிட்டு, இறங்கிய என்னிடம் கொடுத்தார். நான் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சறுக்கி இறங்கினேன். அக்கா அதில் ஒட்டியிருந்த தன் போட்டோவை வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் மடிக்காமல் ஜாமெட்ரி பெட்டிக்குள் அடியில் வைத்தாள். கணக்குப் பரீட்சையன்றைக்குத்தான் முகூர்த்தம் கிடைத்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் பெட்டியை என்னிடம் கொடுத்து, காம்பஸ் காலை நிமிர்த்தாதே, உடைந்துவிடும் என்றாள்.

நான் நிமிர்த்தினேன், உடைந்தது. பெட்டியும் பிறகு எங்கேயோ தொலைந்தது. அந்த ஹால் டிக்கெட் அதற்குள்தான் இருந்தது.

அடுத்த வருஷமே மேட்டில் படி கட்டிவிட்டார்கள். தொட்டிக்கு நேரே, இருபத்திரண்டு படி, ஒரு பக்கம் கைப்பிடி. யாரும் போராடவில்லை, கெஞ்சவில்லை. அதே இன்ஜினியர் மிச்சமிருந்த சிமென்டில் நாலு நாளில் கட்டிக் கொடுத்துவிட்டு மாற்றலாகிப் போனார். ஊரில் எவருக்காவது முன்னமே கேட்கத் தோன்றியிருந்தால் கட்டியிருப்பார். நான் அந்தப் படியில் ஏறிப் பன்னிரண்டாவது முடித்தேன், டீச்சரானேன், கணக்குத்தான் நடத்தினேன். ஓய்வு விழாவில் நீங்களெல்லாம் வந்து என் கெட்டிக்காரத்தனத்தைப் புகழ்ந்தீர்கள். எனக்கு முந்தைய வருஷம் படியில்லாமல் போனவள் என்னைவிடக் கெட்டிக்காரி. அதை அன்றைக்கு மேடையில் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அம்மன் அந்த ஏற்றத்தில் எத்தனை வருஷம் போயிற்று என்று நினைக்கிறீர்கள்? தோள் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள், அப்பாவும் போனார். இளைஞர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள். ஏழெட்டு வருஷத்தில் சப்பரத்தைக் கொட்டகையில் சாத்திவிட்டு அம்மனை டிராக்டரில் ஏற்றினார்கள். ஏற்றத்துக்கு அந்தப் பக்கம் முந்திரித் தோப்பை வெட்டி மனை போட்டார்கள். ஏற்றம் அந்த மனைக்கு வாசலாயிற்று. அதன்மேல் ‘அம்மன் நகர்’ என்று வளைவு வைத்தார்கள். இப்போது நாலு வழிச் சாலைக்காக எல்லாவற்றையும் இடித்து, மேட்டை இன்னும் உயர்த்தி, அதே இடத்தில் கீழ்வழி கட்டிவிட்டார்கள். மனை வாங்கியவர்கள் மனுக்கொடுத்து வாங்கிய கீழ்வழி. நீங்கள் கைத்தட்டிய படத்தில் நடுவில் சதுரமாகத் தெரிகிறதே, அதுதான்.

இந்தத் தையில் அக்காவை அழைத்து வந்து வைத்திருந்தேன். நாற்பது வருஷத்துக்கு மேல் முந்திரிக்கொட்டை உடைத்த கை, உள்ளங்கை தோல் உரிந்து உரிந்து ரேகையே இல்லை. போன மாசம் ரேஷன் கடை மெஷினில் விரல் பதியாமல் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். சாயங்காலம் இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றோம். அம்மன் மினி லாரியில் வந்தது. நாட்டாமையின் மகன் முன்னால் நின்று மைக்கில் வழி சொல்லிக்கொண்டிருந்தான். கீழ்வழி வந்ததும், குடை தட்டும், இறக்குங்கப்பா என்றான். குடையை இறக்கினார்கள், அம்மனின் மினி லாரி உள்ளே நுழைந்தது. அம்மன் தலைக்குமேல் ஒரு கரி லாரியும், அதன் பின்னால் ஒரு பள்ளிக்கூட பஸ்ஸும் போயின. மினி லாரி அந்தப் பக்கம் வெளியே வந்தது. ஒருவரும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, போன் எடுத்துப் படம்தான் பிடித்தார்கள்.

அக்கா கும்பிட்ட கையை இறக்கவில்லை. லாரி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“கீழதான போச்சு?”

ஆமாம் என்றேன்.